வேலையை முன்கூட்டியே விட்டு வயலுக்கு வருமுன்: ஒரு வங்கிக்காரனின் கணக்கு

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு தம்பி பேசினார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வயசு 43. "அண்ணாச்சி, சாத்தான்குளம் பக்கம் அப்பா விட்டுட்டுப் போன நாலு ஏக்கர் சும்மா கிடக்கு. வேலையை விட்டுட்டு வந்து இயற்கை விவசாயம் பண்ணலாம்னு இருக்கேன். கையில எவ்வளவு இருந்தாப் போதும்?" என்று கேட்டார். மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது பணத்தைப் பற்றி. அதை நான் பட்டுத்தான் படித்தேன். அவரைப் போல யோசிக்கிறவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பதால் எழுதியே விடுகிறேன்.

நான் வங்கியை விட்டது 2001-ல், 42 வயதில். அப்போது பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டு வந்தார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியே வந்தோம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது ஓய்வு வயது வரை மீதமுள்ள மாதங்களின் சம்பளம், இதில் எது குறைவோ அது. எனக்கு 20 வருஷ சர்வீஸ், அதாவது 1,200 நாள், 40 மாதச் சம்பளம். 18 ஆயிரம் சம்பளத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்த்து, வீட்டுக்கடன் பாக்கியைக் கழித்தபோது 10 லட்சம் கைக்கு வந்தது. மாதப் பென்ஷன் தனி. அந்தக் காலத்தில் அது பெரிய பணம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நம்ம தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதற்கு முன்னாலும் வருஷா வருஷம் நடந்ததில்லை. பாரில் சிப்பி விளைந்த வருஷம் ஊரே பணத்தில் மிதக்கும், பிறகு எத்தனையோ வருஷம் ஒன்றும் இருக்காது. விருப்ப ஓய்வுப் பணமும் அப்படித்தான், ஒரு தடவைதான் பார் திறக்கும். இது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

முதல் வருஷமே உடன்குடிக்குக் கிழக்கே வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் போர் போட்டேன். 260 அடி, மோட்டார், குழாய், சுற்றிலும் கம்பி வேலி என்று மூன்று லட்சம் போனது. மூன்றாம் கோடையில் தண்ணீர் சவர்த்துவிட்டது. கடலோரத்தில் நன்னீரை இழுக்க இழுக்க உப்புத்தண்ணி உள்ளே வரும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் முதலிலேயே சொன்னார். நான் படித்தவன் இல்லையா, கேட்கவில்லை.

மிச்சம் 7 லட்சத்தை டெபாசிட்டில் போட்டேன். அப்போது வட்டி 10 சதவீதம், மாதம் 5,833 ரூபாய். 2004-ல் புதுப்பிக்கப் போனபோது ஐந்தரை சதவீதம், மாதம் 3,208 ரூபாய். முதல் அப்படியே இருக்கிறது, வருமானம் பாதிக்குக் கொஞ்சம் மேல். பிபிஎஃப் வட்டிகூட 2000-ம் வருஷத் தொடக்கத்தில் 12 சதவீதமாக இருந்தது, 2003 மார்ச்சில் 8-க்கு வந்துவிட்டது. வட்டி இறங்கும் என்று தெரியாத ஆளா நான்? ஊர்ப்பட்ட பேருக்கு டெபாசிட் சீட்டு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

இப்போது அந்தத் தம்பியின் கணக்குக்கு வருவோம். முதலில், இப்போதைய வீட்டுச் செலவை ஒரு வருஷம் முழுக்க நோட்டில் எழுதச் சொன்னேன். அதில் குறைவது எது, கூடுவது எது என்று பிரிக்க வேண்டும். வாடகை, பெட்ரோல், ஓட்டல் குறையும். ஆஸ்பத்திரிச் செலவு கூடும், அவசரம் என்றால் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ கார் பிடிக்க வேண்டும். இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள், மொய். பட்டணத்தில் இருக்கும்வரை நாலு கல்யாணத்தோடு போகும். ஊரில் வந்து உட்கார்ந்தால் சடங்கு, காதுகுத்து, பால்காய்ப்பு என்று வைகாசியிலும் ஆவணியிலும் ஒரு நாள் விடாமல் பத்திரிகை வரும். எங்கள் வீட்டில் மொய்க்கென்றே தனி நோட்டு இருக்கிறது.

அவர் வீட்டுக்கு மாதம் 30 ஆயிரம் என்று வைத்துக்கொண்டோம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிப்பாகும். 55 வயதில் 60 ஆயிரம், 67-ல் ஒரு லட்சத்து இருபதாயிரம். அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்பவர் 1994-ல் ஒரு கணக்குச் சொன்னார். சேமிப்பில் முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டே போனால் 30 வருஷம் தாங்கும் என்று. அதாவது வருஷச் செலவைப்போல் 25 மடங்கு, இவருக்கு 90 லட்சம். ஆனால் அது அவர்கள் நாட்டுச் சந்தையை வைத்துப் போட்ட கணக்கு, அதுவும் 30 வருஷத்துக்கு. 43 வயதில் வருகிறவருக்கு 40 வருஷத்துக்கு மேல் வேண்டும். நான் 35 மடங்காவது என்றேன். "அப்ப ஒண்ணேகால் கோடியா?" என்று தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பென்ஷன் வருமே அண்ணாச்சி" என்றார் பிறகு. தனியார் கம்பெனி பி.எஃப். பென்ஷன், 15 ஆயிரம் சம்பள உச்சவரம்பில் 35 வருஷம் வேலை பார்த்தாலே மாதம் 7,500 ரூபாய்தான். 58 வயதில் வாங்கலாம். 50-க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கினால் வருஷத்துக்கு 4 சதவீதம் குறைப்பார்கள். அதை நம்பி அடுப்புப் பற்றவைக்க முடியாது.

அப்படியானால் நிலம் எதற்கு? இங்கேதான் நான் இருபது வருஷம் நோட்டு எழுதிக் கண்டுகொண்டது ஒன்று உண்டு. நிலம் வருமானம் தரும் என்பது நிச்சயமில்லை, செலவைக் குறைக்கும் என்பது நிச்சயம். முருங்கைக்காய் ஒரு வாரம் நல்ல விலைக்குப் போகும், அடுத்த வாரம் பறிகூலிக்குக் காணாது. ஆனால் கீரை, காய், பால், முட்டை, மானாவாரியில் கம்பு, உளுந்து, பாசி, பனையிலிருந்து கருப்பட்டி எல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எங்கள் சமையலறைச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு இன்றைக்குக் கடைக்குப் போவதில்லை. இது விலை இறங்கினாலும் மாறாது.

அதனால் தம்பிக்குச் சொன்னது இதுதான். முதல் மூன்று வருஷம் நிலத்திடம் வீட்டுச் செலவைக் கேட்காதே. அங்ககச் சான்றிதழுக்கே மாறுதல் காலம் ஒருவருஷப் பயிருக்கு இரண்டு வருஷம், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருஷம். அந்தக் காலத்தில் விளைச்சலும் தள்ளாடும், சான்று பெற்ற விலையும் கிடைக்காது. அந்த மூன்று வருஷச் சாப்பாட்டுப் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும். நிலத்துக்கு என்று ஒரு தொகை ஒதுக்கு, அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். சாப்பாட்டுப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட போருக்குள் இறங்கக் கூடாது.

"நம்மாழ்வார் ஐயா இப்படிக் கணக்குப் பார்த்தா வேலையை விட்டார்?" என்று சிலர் கேட்பார்கள். அவர் விட்டது நம்ம மாவட்டத்தில்தான், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில், 1969-ல். கையில் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை என்பது உண்மை. ஆனால் ஏன் விட்டார்? மழையை நம்பிய கரிசல் சம்சாரிக்கு விலை கொடுத்து வாங்கும் விதையும் உரமும் கட்டுப்படியாகாது என்றுதானே. அதுவும் கணக்குதான்.

ஆபத்துக்கென்று தனிப்பணம் வேண்டும் என்பதை 2023 டிசம்பர் சொல்லிக் கொடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நமக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். ஐந்து நாள் தண்ணீர் நின்றதில் ஒரு ஏக்கர் முருங்கை வேர் அழுகிப் போனது. பனை ஒன்றும் சாயவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, ஏடிஎம் இல்லை. டெபாசிட்டில் லட்சம் இருந்து என்ன, மாத்திரை வாங்க என் மனைவி அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்த 4 ஆயிரம்தான் உதவியது. இப்போது வீட்டில் 10 ஆயிரம் ரொக்கம் எப்போதும் இருக்கிறது. வங்கியில் ஆறு மாதச் செலவு, நினைத்தால் எடுக்கிற மாதிரி.

நமக்குப் பிறகு வீட்டுக்காரிக்கு என்ன என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வங்கிக் குடும்ப ஓய்வூதியத்தை 2021-ல் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள், நல்லது. ஆனால் என் கடைசிச் சம்பளம் 2001-ம் வருஷத்துச் சம்பளம். முன்கூட்டி வெளியே வந்ததன் விலையை எனக்குப் பிறகு அவள்தான் கொடுப்பாள். அதனால் 60 வயதானதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துப் போட்டேன், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நிலப்பட்டாவிலும் அவள் பெயரைச் சேர்த்தாயிற்று.

பயணம் பற்றித் தம்பி கேட்கவில்லை, நான்தான் சொன்னேன். மாடு வளர்க்கிறவனுக்கு லீவு கிடையாது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சோடு போய்விட்டது, கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. என் மனைவியின் தாத்தா கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், அந்தத் தெருவை ஒருதடவை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. 2011 ஜூனில் நம்ம துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். "ஏங்க, போவோமா?" என்றாள். பசு சினையாக இருந்தது, கன்று போட்ட பிறகு போகலாம் என்றேன். நவம்பரில் கப்பல் நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் பயணத்துக்கு ஒரு வழி செய்தோம். பதநீர் சீசன் முடிந்து மானாவாரி விதைப்பு தொடங்குமுன் ஆவணியில் மூன்று வாரம் கிடைக்கும். பனை வாரத்தில் வரும் பணம் பயணத்துக்கு மட்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு மாற்று ஏற்பாடு, அவர் மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போனபோது அவர் ஆடுகளை நான் பார்த்தேன், இந்த ஆவணியில் என் மாடுகளை அவர் பார்ப்பார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் போகிறது. பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. இந்தத் தடவை எந்தப் பசுவும் சினையில்லை, பார்த்துக்கொண்டேன்.