பாட்டுக்காரரின் பொம்மை ரயில்

பால் டின்னில் ஓட்டை போட்டு, கயிற்றில் கோர்த்து, "கூ... ரயிலு வருது, ஒதுங்கு!" என்று லயத்து வாசலில் இழுத்துக்கொண்டு ஓடாத பிள்ளை நம் தோட்டங்களில் இருந்ததுண்டா? மீசை முளைத்ததும் அந்த ஆசை போய்விடும். சிலருக்குப் போவதே இல்லை. அப்படி ஒருவரின் கதை இது. ஆள் நம்மவர் அல்ல. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பேரெடுத்த ராக் பாடகர், நீல் யங்.

ராக் பாட்டு என்றாலே நம் பெரியவர்களுக்கு ஆகாது. "முடிய வளத்துக்கிட்டு காது கிழியக் கத்துறானுங்க" என்பார்கள். கத்தல் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நீல் யங்கின் குரல் மெலிந்த குரல். கித்தாரும் மவுத் ஆர்கனுமாக அவர் பாடி 1972-இல் வெளிவந்த 'ஹார்வெஸ்ட்' இசைத்தட்டுதான் அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகமாக விற்றது. 'ஹார்வெஸ்ட்' என்றால் அறுவடை.

இவர் 1945-இல் பிறந்தவர். 1951-இல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பிழைத்தார், ஆனால் இடது பக்கத்தில் பலவீனம் தங்கிவிட்டது. சின்ன வயதில் 'லயனல்' பொம்மை ரயில் என்றால் அவருக்கு உயிர். (பேரைப் பார்த்து நம் லயன் வீட்டை நினைத்துவிடாதீர்கள்! 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய பொம்மை ரயில் கம்பெனி அது.) கையில் காசு வந்ததும், கலிபோர்னியாவில் இருந்த தன் பண்ணையில் ஒரு பெரிய கொட்டகை முழுக்கத் தண்டவாளம் போட்டார். மரக்கட்டை, பாசி, செடி என்று ஒரு குட்டிக் காடே அங்கே இருந்தது.

1978-இல் அவருக்கு மகன் பிறந்தான். பெயர் பென். மூளைவாதம். கை கால் சொன்னபடி கேட்காது, வாய் பேச வராது. மூத்த மகனுக்கும் அதே நோய், கொஞ்சம் லேசாக.

நம் பக்கத்தில் இப்படிப் பிள்ளை பிறந்தால் என்ன பேசுவார்கள்? "போன ஜென்மத்துப் பாவம்" என்பார்கள். விடியற்காலையில் குசினிப் பக்கம் பாயை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடிய தாய்மார் உண்டு. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் சொன்னார்களே, "அதுக்கு என்னா தெரியும்? பேச்சு இல்லாத பிள்ளைதானே" என்று, அந்த வார்த்தையைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேச்சு வராது என்பது வேறு, புத்தி இல்லை என்பது வேறு.

நீல் யங்கும் மனைவி பெகியும் ஒன்றரை ஆண்டு காலம், பகல் முழுவதும் பிள்ளையோடு பயிற்சியிலேயே கிடந்தார்கள். 1982 கடைசியில் 'டிரான்ஸ்' என்று ஒரு இசைத்தட்டு போட்டார். அதில் அவர் குரலை இயந்திரத்தில் விட்டு உருமாற்றியிருந்தார். என்ன பாடுகிறார் என்று பிடிபடாது. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பென் பேச முயல்வதும் அது மற்றவர்களுக்குப் புரியாமல் போவதும்தான் அந்தப் பாட்டுகளின் உள்ளர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது. இசைத்தட்டுக் கம்பெனியோ, 'உம்முடைய வழக்கமான பாட்டாக இல்லையே' என்று 1983-இல் 33 லட்சம் டாலர் கேட்டு அவர்மேல் கேஸ் போட்டது! பிறகு சமாதானமாகி, முதலாளி மன்னிப்பும் கேட்டார்.

ரயிலுக்கு வருவோம். பழைய பொம்மை ரயிலில் ஒரு கைப்பிடி இருக்கும். திருப்பினால் தண்டவாளத்தில் மின்சாரம் கூடும், வண்டி வேகமாகும், குறைத்தால் மெதுவாகும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். அந்தக் கைப்பிடியைப் பக்குவமாகத் திருப்ப பென்னின் விரல் கேட்காது. அப்பா பார்த்தார். பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றை வைத்தார். விரல் வேண்டாம், தலையைச் சாய்த்து அழுத்தினாலும் போதும். பிள்ளை அழுத்தினான், ரயில் ஓடியது. பிறந்ததிலிருந்து அடுத்தவர் தூக்கி, அடுத்தவர் ஊட்டி வளர்ந்த பிள்ளை. அவன் சொல்லி ஒரு பொருள் நகர்ந்தது!

அதோடு விடவில்லை மனிதர். 1992-இல் லயனல் முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து புது ஏற்பாடு ஒன்றை உருவாக்கினார். தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் ஒரே அளவில் இருக்கும். உத்தரவு மட்டும் ரேடியோ அலையாகப் போகும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டால் அந்த ஆள் மட்டும் முன்னே வருகிற மாதிரி, கூப்பிட்ட நம்பர் எஞ்சின் மட்டும் அசையும். பாட்டுக்காரர் அல்லவா, சத்தத்திலும் கண்டிப்பு. அசல் எஞ்சினின் சத்தம் பொம்மையிலிருந்து வரவேண்டும் என்று மெனக்கெட்டார். 1995-இல் கூட்டாளிகளோடு சேர்ந்து கம்பெனியிலேயே பங்கு வாங்கிவிட்டார்.

ராக் உலகில் ரயில் பைத்தியம் இவர் ஒருவர் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் ராட் ஸ்டூவர்ட் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டு, ஒரு பழைய அமெரிக்க நகரத்தையே ரயிலோடு பொம்மையாகக் கட்டினார். 2019-இல்தான் அதை ஊருக்குக் காட்டினார். கச்சேரிக்குப் போகிற ஊரில் ஓட்டலில் இன்னொரு அறை எடுத்து, கட்டிலை வெளியே போடச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து கட்டடம் ஒட்டுவாராம்!

பெகி யங்கும் வேறு சிலரும் சேர்ந்து, பேச முடியாத பிள்ளைகளுக்காகக் கலிபோர்னியாவில் 'பிரிட்ஜ் ஸ்கூல்' என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்குப் பணம் திரட்ட 1986-இல் முதல் கச்சேரி நடந்தது. 2016 வரை பெரிய பெரிய பாடகர்களெல்லாம் அதில் வந்து பாடிக் கொடுத்தார்கள்.

"காசுள்ளவன் செஞ்சான், நம்மால ஆகுமா?" என்பீர்கள். பள்ளிக்கூடம் கட்ட ஆகாதுதான். ஆனால் டார்ச்லைட் பேட்டரியில் ஓடுகிற பொம்மை எதுவானாலும், அதன் சின்ன சுவிட்சிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பொத்தான் வைக்கலாம். ஒயர் வேலை தெரிந்த ஒருவர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவார்.

பென் வளர்ந்து பெரியவனானதும் கோழிப்பண்ணை வைத்து முட்டை வியாபாரம் செய்தார். அப்பா ஊர் ஊராகப் பாடப் போனபோது பஸ்ஸில் அவரும் கூடவே போனார்.