44,100-ஆ, 48,000-ஆ? கரண்ட் இரைச்சலைக் கேளுங்க

பழைய சி-60 கேசட்டைக் கணினியில் ஏற்றியாயிற்று. போட்டுக் கேட்டால் பாட்டி அவசர அவசரமாகப் பாடுகிறார், குரலும் கீச்சென்று இருக்கிறது. பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடவேண்டியது இருபத்தேழரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் திட்டு வாங்குவது டேப் ரெக்கார்டரின் மோட்டார்தான். ஆனால் வேகம் 8.8 சதவீதத்தை ஒட்டிக் கூடியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சாம்பிள் ரேட்டை.

டிஜிட்டல் ஒலி என்பது வெறும் எண்களின் வரிசை. நொடிக்கு எத்தனை முறை அளந்தோம் என்பது அந்த எண்களுக்குள் கிடையாது. வேவ் கோப்பின் தலைப்பகுதியில் நாலு பைட்டில் தனியாக எழுதியிருக்கும், அவ்வளவுதான். சிடிக்கு 44,100, வீடியோவுக்கு 48,000 என்பது வழக்கம். (44,100 என்ற விசித்திரமான எண் வீடியோ டேப்பிலிருந்து வந்தது. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை அதில்தான் பதிந்தார்கள். நொடிக்கு 60 புலம், புலத்துக்கு 245 வரி, வரிக்கு 3 சாம்பிள். பெருக்கிப் பாருங்க.)

ஒலிக்கருவி வெளியிலிருந்து வரும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு 44,100-இல் அளக்கும். மென்பொருளோ 48,000 என்று எழுதிவிடும். கோளாறு இப்படித்தான் வருகிறது. பிறகு எந்த பிளேயரும் எழுதியிருப்பதை நம்பித்தான் ஓட்டும். 5 கட்டையில் பாடியவர் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே எங்கோ நிற்பார். பழைய பதிவை வைத்து ஒருவரின் சுருதியைக் குறித்துவைக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

டேப் வேகமா, சாம்பிள் ரேட்டா என்று எப்படிப் பிரிப்பது? நீளத்தை வைத்து முடியாது, ரெண்டும் ஒரே மாதிரி குறைக்கும். இங்கே நம்ம ஊர் மின்சாரம் சாட்சி சொல்லும். டேப் ஓடத் தொடங்குவதற்கு முன்போ, நின்ற பிறகோ சில நொடி பதிவாகியிருக்கும் அல்லவா? அந்த மௌனத்தில் மெல்லிய ‘ம்ம்ம்’ இரைச்சல் இருந்தால் அது டேப்பிலிருந்து வந்ததல்ல, பதிவு செய்த கருவிகளில் புகுந்த 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஆடாசிட்டியில் அந்தத் துண்டை மட்டும் தேர்ந்து ஸ்பெக்ட்ரம் வரைபடம் போடுங்க. அளவை 65536 என்று வைத்தால்தான் துல்லியம் போதும். முகடு 50, 100 இரண்டிலும் இருந்தால் கோப்பு சரி, டேப் ரெக்கார்டரைப் பாருங்க. 54.4, 108.8 என்று வந்தால் 44,100-இல் அளந்ததற்கு 48,000 என்று பெயர் எழுதியிருக்கிறது. மாறாக 46-ஐ ஒட்டி வந்தால் பிழை தலைகீழ். நம் மின்தொகுப்பின் அதிர்வெண் கொஞ்சம் ஏறி இறங்கும்தான், ஆனால் 4 ஹெர்ட்ஸ் எல்லாம் ஏறாது.

திருத்தும்போது பலர் ‘ரீசாம்பிள்’ கட்டளையைக் கொடுக்கிறார்கள். அது தவறான வேகத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டு, அதே வேகத்துக்குப் புது எண்களைக் கணக்கிட்டு எழுதும். கீச்சுக்குரல் அப்படியேதான் இருக்கும், அசல் எண்கள் போய்விடும். மாற்றவேண்டியது பெயரை மட்டும். ஆடாசிட்டியில் டிராக்கின் மெனுவில் ‘ரேட்’ என்பதை 44,100 ஆக்குங்க. ஏற்றுமதி செய்யும்போதும் 44,100 என்றே கொடுங்க, இல்லாவிட்டால் அங்கே தேவையில்லாமல் ஒருமுறை ரீசாம்பிள் ஆகும்.

தவறான வேகத்திலேயே எம்பி3 ஆக்கி, வேவ் கோப்பை அழித்துவிட்டால்? 147/160 மடங்கு வேகத்துக்குக் குறைத்தால் சுருதி திரும்பிவிடும். எம்பி3 தின்ற நுணுக்கம் திரும்பாது. கேசட் இன்னும் அலமாரியில் இருந்தால் மறுபடி ஏற்றுவதே மேல்.

இரண்டு ரெக்கார்டரில் ஒரே கச்சேரியைப் பதிந்து, கடைசியில் கைதட்டல் மட்டும் ஒட்டாமல் போவது வேறு நோய். இரண்டும் 48,000 என்றே சொல்லும். ஆனால் படிகங்கள் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகல். அதற்குத்தான் ரீசாம்பிள் சரியான மருந்து.