சந்தையூர் ஒன்றில் கண்டது

இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்தது சிப்பிங் காம்ப்டன் என்னும் சிற்றூர். 'சிப்பிங்' என்பது சந்தையைக் குறிக்கும் பழஞ்சொல். செம்மறியாட்டு ரோம வாணிகத்தால் முற்காலத்தில் செழித்த ஊர். நெடுந்தெருவின் நடுவே, 1627-இல் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்னும் செல்வர் கட்டுவித்த கல் மண்டபம் நிற்கிறது. ரோமம் விற்ற இடம் போலும் என்று நாம் எண்ணினோம், அன்று. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி முதலியன விற்க வருவோர் மழைக்கு ஒதுங்கி விற்பதற்காக எழுந்தது அது.

நெசவாளர் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1902-இல் ஆஷ்பீ என்பவர் தலைமையிலிருந்த கைத்தொழிற் சங்கமொன்று, லண்டன் நகரின் கீழ்ப்பகுதியிலிருந்து பெண்டு பிள்ளைகளுடன் இவ்வூருக்குக் குடிபெயர்ந்தது. பழைய பட்டாலை ஒன்றில் வெள்ளி வேலையும் மர வேலையும் நடந்தன. சரக்கின் தரத்தில் எவரும் குறை கூறவில்லை. எனினும் ஆறாண்டுகளுக்குள் சங்கம் கலைந்தது. வாங்குவோர் தொலைவிலிருந்தனர், அவ்வேலைப்பாட்டைப் போலவே இயந்திரத்தால் செய்த பண்டங்கள் மலிவாகக் கிடைத்தன. லண்டனில் வேலை குறைந்தால் தொழிலாளர் வேறு பட்டறைக்குச் செல்லலாம். இங்கே அதற்கு வழியில்லை. ஆகவே கூலி கொடுத்துச் சரக்கைச் சேர்த்துக்கொண்டே போயினர். இருப்புப் புத்தகங்களைத் தணிக்கை செய்து பழகிய நமக்கு இக்கதை புதிதாகத் தோன்றவில்லை.

அப்பட்டாலையின் மாடியில் அச்சங்கத்தாருள் ஒருவரின் வழிவந்தோர் இன்றும் வெள்ளிப் பாத்திரம் செய்கின்றனர். வாங்க விரும்புவோர் படியேறிப் பட்டறைக்கே வருகின்றனர்.