நிலா நோட்டு

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



"மலருக்கு அறிவியல் கட்டுரை ஒண்ணு குடுடா" என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். நான் பெரிய விஞ்ஞானி இல்லை. என்னிடம் இருப்பது ஒரு எண்பது பக்க நோட்டு. மூன்று மாதம் நிலாவைப் பார்த்து அதில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு எப்படி வந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு ஊர் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியாகிவிட்டது. ராத்திரி அம்மா தினசரி காலண்டரில் மறுநாள் தாளைத் தூக்கிப் பார்த்தார்கள். "சந்திராஷ்டமம் – மீனம்" என்று போட்டிருந்தது. நான் மீன ராசி.

"வேண்டாம்யா. ரெண்டு நாள் கழிச்சு வேற கம்பெனி வராமலா போயிரும்?" என்றார்கள்.

நான் போகவில்லை. அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். என்னோடு படிக்கிற நண்பன் ஒருவன் போனான். அவனுக்கு வேலை கிடைத்தது. பிறகுதான் தெரிந்தது, அவனும் மீன ராசியாம்!

இதில் இன்னொரு வேடிக்கை. என் அம்மா வேலை பார்ப்பதே சிவகாசியில் ஒரு காலண்டர் பைண்டிங்கில். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்து ஆல்பம் வெளியானால் அதிலிருந்து மார்கழி வரை ஓயாத வேலை. 365 தாளையும் அடுக்கித் தகரம் அடிப்பவர்களில் அவரும் ஒருவர். "நீங்க அடுக்குற தாள்தானேம்மா?" என்று கேட்டேன். "அடுக்குறதுதான் நாங்க. கணக்குப் போடுறவங்க வேற" என்றார்கள்.

அந்தக் கணக்கை யார் போடுகிறார்கள்? எப்படிப் போடுகிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த நோட்டு.

நோட்டில் எழுதியது

தினமும் நான்கு விஷயம் எழுதினேன்: தேதி, நிலாவைப் பார்த்த நேரம், அதன் வடிவம், அன்று எனக்கு நடந்தது. மோசமான நாளாக இருந்தால் சிவப்பு மை. சந்திராஷ்டமம் என்றைக்கு என்று மட்டும் காலண்டரில் பார்க்கக் கூடாது. மூன்று மாதம் கழித்துத்தான் ஒத்துப் பார்க்க வேண்டும். முன்னாலேயே தெரிந்துவிட்டால் பஸ் ஐந்து நிமிஷம் லேட் ஆனால்கூட அதன் தலையில் போட்டுவிடுவோம் அல்லவா!

முதலில் புரிந்தது உதய நேரம். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற சமயத்தில் எங்கள் மொட்டைமாடிக்குக் கிழக்கே பனைமரத்துப் பக்கம் நிலா எழுந்தது. மறுநாள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாமதம். அடுத்த நாள் இன்னும் தாமதம். காரணம் சுலபம். நிலா பூமியைச் சுற்றுவதால், சூரியனை ஒப்பிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 12 டிகிரி கிழக்கே தள்ளிப் போகிறது. பூமி 1 டிகிரி சுழல 4 நிமிஷம். 12 × 4 = 48 நிமிஷம். அதற்குள் நிலா இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் சராசரி 50 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 12 டிகிரிதான் பஞ்சாங்கத்தில் ஒரு திதி! 360ஐ 12ஆல் வகுத்தால் 30 திதி. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சுமார் 29.53 நாள். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து அங்கத்தில் வாரத்தைத் தவிர மற்ற நான்கும் நிலாவின் இடத்தை வைத்துத்தான் வருகின்றன.

நம்ம பக்கத்து நிலா

நம் ஊர்களில் நிலாவைப் பார்க்காமல் எதுவும் நடப்பதில்லை. சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமி என்றால் தாணிப்பாறை பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. நம் சித்திரை முதல் தேதி சூரியக் கணக்கு. ஆனால் நம் வகுப்பில் தெலுங்கு பேசும் நண்பர்கள் வீட்டு உகாதி சந்திரக் கணக்கு. ரம்ஜானுக்குப் பிறை பார்க்க வேண்டும். ஈஸ்டர்கூட வசந்த காலப் பௌர்ணமியைப் பின்பற்றி வரும் ஞாயிறுதான். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள். சூரிய வருஷத்துக்கு 11 நாள் குறைவு. அதனால்தான் ரம்ஜான் வருஷா வருஷம் முன்னால் வருகிறது. உகாதி அப்படி ஓடிவிடாமல் இருக்க, சுமார் இரண்டரை வருஷத்துக்கு மேல் போனதும் ஓர் அதிக மாதம் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் நிலா பூர நட்சத்திரத்துக்கு வரும் நாள் அது. ஆடியில் சூரியன் கடகத்தில். பூரம் பக்கத்து ராசியான சிம்மத்தில். சூரியனுக்கு அவ்வளவு அருகில் நிலா இருந்தால் மெல்லிய வளர்பிறையாகத்தான் தெரிய முடியும். தேர் பார்க்கப் போகிறவர்கள் அன்று சாயங்காலம் மேற்கே ஒரு பார்வை பாருங்கள். மேகம் மறைக்காவிட்டால் கணக்கு சரியா என்று உங்களுக்கே தெரியும்.

ஆண்டாள் காலத்தையே வானத்தை வைத்துத் தேடியிருக்கிறார்கள். திருப்பாவையின் முதல் பாட்டில் மார்கழிப் பௌர்ணமி வருகிறது. 13ஆம் பாட்டில் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்தது வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று கணித்தார். வேறு ஆண்டு சொல்பவர்களும் உண்டு.

சோழியில் ஒரு கிரகணம்

சரி, கணக்குப் போட்டவர்களுக்கு வருவோம். 1825இல் ஜான் வாரன் என்பவர் "கால சங்கலிதா" என்ற புத்தகத்தை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழர், தரையில் சோழிகளைப் பரப்பி ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டதை அவர் எழுதியிருக்கிறார். தாள் இல்லை, பேனா இல்லை. அட்டவணை முழுவதும் மனப்பாடம். 1825 மே 31ஆம் தேதி இரவு வந்த அந்தக் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும்தான் பிசகு!

அந்த மனப்பாடத்தின் ரகசியம் வாக்கியங்கள். நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை. ஒரு பக்கம் 3,63,000 கி.மீ. வரை நெருங்கும், மறுபக்கம் 4,05,000 கி.மீ. வரை விலகும். நெருங்கும்போது வேகம், விலகும்போது நிதானம். ஒருமுறை நெருங்கி மறுபடி நெருங்கச் சுமார் 27.55 நாள். ஒன்பது முறைக்கு ஏறக்குறைய சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியம். வரருசி பெயரால் வழங்கும் இவற்றில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். வாக்கியத்தைச் சொன்னால் அன்றைய நிலாவின் இடம் கிடைக்கும். பாம்புப் பஞ்சாங்கம் இந்த வாக்கிய முறையில் வந்ததுதான். புதிய அளவீடுகளை வைத்துக் கணிப்பது திருக்கணிதம்.

அந்தப் புதுச்சேரிக்காரருக்குக் கணக்கின் பின்னால் உள்ள தத்துவம் தெரியாதாம். சூத்திரம் தெரியும், விடை வரும். செமஸ்டர் பரீட்சையில் நம்மில் பல பேர் அந்தக் கட்சிதானே! ஆனாலும் இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பஞ்சாங்கம் என்றாலே மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது என்று புரிந்தது.

ரெண்டே கால் நாள்

அப்படியானால் சந்திராஷ்டமம்? நிலா 27.3 நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றி வருகிறது. ஒரு ராசிக்கு ரெண்டே கால் நாள். நம் ராசிக்கு எட்டாவது ராசியில் இருக்கும் ரெண்டே கால் நாள் நமக்குச் சந்திராஷ்டமம். அவ்வளவுதான்.

இப்போது நம் வகுப்பைப் பாருங்கள். 60 பேர். பன்னிரண்டு ராசிக்கும் பங்கு வைத்தால் எந்த நாளிலும் சராசரி 5 பேருக்குச் சந்திராஷ்டமம் இருக்கும். எந்தப் பரீட்சை நடந்தாலும், எந்தப் பஸ் புறப்பட்டாலும், அதில் பன்னிரண்டில் ஒருவர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். வாக்கியமும் திருக்கணிதமும் நிலா ராசி மாறும் நேரத்தைச் சில மணி நேரம் முன்பின்னாகச் சொல்வதுண்டு. கெடுதல் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வரும்?

"கடலையே தூக்குற நிலா மனுஷனை ஆட்டாதா?" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நிலா பூமியின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவும் மறுபக்கத்தைக் கொஞ்சம் குறைவாகவும் இழுக்கிறது. இடையில் 12,700 கி.மீ. தூரம் இருப்பதால் அந்த வித்தியாசத்தில் கடல் ஏறி இறங்குகிறது. ஆறடி மனிதனின் தலைக்கும் காலுக்கும் இடையில் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. நம் ஊர்க் கண்மாயில்கூட ஓதம் ஏறி யாரும் பார்த்ததில்லையே!

டிப்ளமோக்காரர் இறக்கிய விண்கலம்

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வே டெக்னீஷியன். அவர் முதலில் படித்தது என்ன தெரியுமா? நம்மைப் போலவே டிப்ளமோ மெக்கானிக்கல்! அதன் பிறகுதான் பி.இ., திருச்சியில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம்.

லேண்டரின் கால்களையும் ரோவரின் சக்கரத்தையும் சோதிக்க நிலா மண் வேண்டுமே? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையைப் போன்றது. அதை உடைத்துப் பொடியாக்கிப் பெங்களூரில் பரப்பி ஓட்டிப் பார்த்தார்கள்.

2019 செப்டம்பர் 7இல் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் இறங்கும்போது தொடர்பு அறுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாசா வெளியிட்ட படங்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் பழைய படத்தோடு ஒப்பிட்டு, அதன் சிதறலை முதலில் கண்டுபிடித்தவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அந்த டிசம்பரில் நாசாவே அவர் பெயரைச் சொல்லி அறிவித்தது. பொறுமையாகப் பார்த்துக் குறித்து வைப்பவனுக்கு நிலா எதையாவது காட்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சந்திரயான்-3க்கும் நாள் பார்த்தார்கள். நிலாவில் ஒரு பகல் நமக்குச் சுமார் 14 நாள். சூரிய ஒளியில் ஓடும் கருவிகள் ஆனதால் இறங்கும் இடத்தில் விடிந்தவுடன் இறங்க வேண்டும். அந்த மாதம் அமாவாசை 16ஆம் தேதி. இறங்கியது வளர்பிறை சப்தமியில். அன்று மாலை நிலா எந்த ராசியில் என்று பார்த்தேன். துலாம். மீனத்துக்கு அது எட்டாவது!

ஆமாம் நண்பர்களே, நாடே கைதட்டிய அந்த மாலை மீன ராசிக்குச் சந்திராஷ்டமம். அத்தனை பேர் உழைத்த திட்டத்தில் மீன ராசிக்காரர் ஒருவருமா இருந்திருக்க மாட்டார்?

நோட்டு சொன்னது

மூன்று மாதம் முடிந்து அம்மாவோடு உட்கார்ந்து ஒத்துப் பார்த்தேன். மொத்தம் 88 நாள் எழுதியிருந்தேன். காலண்டர்படி எனக்குச் சந்திராஷ்டமம் 8 நாள். சிவப்பு மை 12 நாள். இரண்டும் சேர்ந்து விழுந்தது ஒரே ஒரு நாள். 88க்கு 8 என்றால் பதினோரு நாளுக்கு ஒன்று. சும்மா குருட்டாம்போக்கில் விழுந்தாலும் 12இல் ஒன்று விழத்தான் செய்யும். ஒருவனுடைய மூன்று மாத நோட்டு உலகத்துக்கே நிரூபணம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அது போதும்.

அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா மாடியில இதைத்தான் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

போன மாதம் இன்னொரு இண்டர்வியூ. அன்றைக்கும் காலண்டரில் மீனம் போட்டிருந்தது. அம்மா தாளைத் தூக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, "பஸ்ஸ விட்டுராதய்யா" என்றார்கள். போய் வந்தேன். இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை முடிவு வரவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நான் சொன்ன பதிலுக்குத்தான் அது. நிலாவுக்கு இல்லை.

இன்று ராத்திரி மாடிக்குப் போகும்போது கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போய்ப் பாருங்கள் நண்பர்களே.