கூரையில் கதவு வைத்த ஜெர்மன் கார்!
1,100 கோடி ரூபாய்க்கு ஏலம் போன கதை

ஒரு பழைய மோட்டார் காருக்கு என்ன விலை கொடுக்கலாம்? ஐம்பதாயிரமா? ஐந்து லட்சமா? 1,100 கோடி ரூபாய் கொடுத்தார் ஒருவர்!

2022ம் ஆண்டு மே மாதம் 5ந் தேதி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்ஸிடிஸ் பென்ஸ் மியூசியத்தில் ஒரு ஏலம் நடந்தது. தண்டோராப் போட்டு ஊரைக் கூட்டிய ஏலம் அல்ல. அழைப்புக் கிடைத்தவர்கள் மட்டுமே வந்தார்கள். ஏலத்துக்கு வந்தது 1955ல் செய்த கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். அது 13½ கோடி யூரோவுக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 1,100 கோடி ரூபாய்! அதுவரை ஏலத்தில் விற்ற எந்தக் காரும் அதில் பாதி விலையைக்கூட எட்டியதில்லை. வாங்கியவர் பெயரைக் கம்பெனி வெளியிடவில்லை.

ஊட்டிச் சாலையும், கோத்தகிரிச் சாலையும், குன்னூர்ச் சாலையும் கூடுகிற ஊர் நீலகிரியில் உள்ள கட்டபெட்டு. பஸ்ஸும் ஜீப்பும் தேயிலை லாரியும் ஏறி இறங்கும் இடம். "அந்தப் பணத்தில் எத்தனை தேயிலைத் தோட்டம் வாங்கலாம்?" என்று அங்கே யாராவது கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் காரின் கதை சாதாரணக் கதை அல்ல.

கழுகு மோதியது!

உலக யுத்தத்தில் இடிந்து கிடந்த தொழிற்சாலையை எழுப்பி நிறுத்திய மெர்ஸிடிஸ் கம்பெனி, 1952ல் '300 எஸ்.எல்.' என்ற பந்தயக் காரைச் செய்தது. அந்த ஆண்டே பிரான்ஸில் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அது முதலாவதாக வந்தது.

பிறகு மெக்ஸிகோ நாட்டில் நெடுஞ்சாலைப் பந்தயம். காரல் கிளிங் ஓட்டினார். பக்கத்தில் ஹான்ஸ் கிளெங்க். கார் பறந்துகொண்டிருந்தபோது பெரிய பிணந்தின்னிக் கழுகு ஒன்று முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. கிளெங்க் முகமெல்லாம் ரத்தம். அப்படியும் அவர்கள் பந்தயத்தை விடவில்லை. வேறு கண்ணாடி மாட்டி, அதன் முன்னே இரும்புக் கம்பிகளைக் கட்டிக்கொண்டு போய், பரிசையும் வென்றார்கள்.

கதவு மேலே போன காரணம்

"இந்தக் காரை ஜனங்களுக்கும் விற்கவேண்டும்" என்று வற்புறுத்தியவர், நியூயார்க்கில் கார் வியாபாரம் செய்துவந்த மாக்ஸ் ஹாஃப்மன். 1954 பிப்ரவரியில் அந்த நகரத்துக் கண்காட்சியில் விற்பனைக்கான கார் அறிமுகமாயிற்று. கதவுகள் பக்கவாட்டில் திறக்கவில்லை. மேல் நோக்கித் திறந்தன. இரண்டையும் திறந்து வைத்தால் கடற்பறவை சிறகை விரித்தது போலிருக்கும்!

இது அழகுக்காகச் செய்த வேலை அல்ல. எடை குறைய வேண்டும் என்று சன்னமான குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்துச் சட்டம் செய்தார்கள். வலுவுக்காக அந்தக் குழாய்கள் பக்கவாட்டில் உயரமாக எழும்பி நின்றன. வழக்கமான கதவு வைக்க இடமில்லை. அதனால் கீல் கூரைக்குப் போயிற்று. ஏறி உட்காருவதற்கு ஸ்டியரிங் சக்கரத்தை மடக்க வேண்டும். புடவை கட்டியவர்கள் இதில் ஏறுவது எப்படி என்று அந்த இஞ்சினீயர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்!

பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீச்சும் முறையும் அதில் இருந்தது. 1957 வரை 1,400 கார்கள்தான் செய்தார்கள். இன்று நல்ல நிலையிலுள்ள ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள்.

எண்பது உயிர்கள்

இந்தக் காருக்குத் தம்பி போல வந்ததுதான் '300 எஸ்.எல்.ஆர்.' என்ற பந்தயக் கார். 1955 மே மாதம் இத்தாலியின் ஆயிரம் மைல் பந்தயத்தை ஸ்டிர்லிங் மாஸ் அதில் 10 மணி 7 நிமிஷத்தில் ஓட்டி முடித்தார்.

அடுத்த மாதமே, ஜூன் 11ந் தேதி, லெ மான் பந்தயத்தில் அதே வகைக் கார் ஒன்று ஜனக்கூட்டத்துக்கு இடையே சிதறியது. ஓட்டிய பியர் லெவேயும், வேடிக்கை பார்க்க வந்த எண்பது பேருக்கு மேலும் மாண்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் கம்பெனி பந்தயத்தை விட்டே விலகியது.

அப்போது கூரை போட்ட எஸ்.எல்.ஆர். கார்கள் இரண்டு தயாராக இருந்தன. பந்தயமே பார்க்காத கார்கள். தலைமை இஞ்சினீயர் ருடால்ஃப் உலன்ஹவுட் அவற்றில் ஒன்றைத் தம் ஆபீஸ் காராக வைத்துக்கொண்டார். மணிக்கு 290 கிலோ மீட்டர் போகும் ஆபீஸ் கார்! 2022ல் ஏலம் போனது அந்த இரண்டில் ஒன்றுதான். மற்றொன்றைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டது. விற்ற பணத்தைச் சுற்றுச்சூழல் துறையில் படிக்கும் இளைஞர்களின் உபகாரச் சம்பளத்துக்கு ஒதுக்குவதாகவும் அறிவித்தது.

காந்தம் சொல்லும் உண்மை

புதுப்பித்த கார் என்றதும் பளபளப்பைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. பட்டி, டிங்கரிங், பெயிண்ட் மூன்றும் சேர்ந்தால் துருப்பிடித்த தகடும் புது மாப்பிள்ளை போலாகிவிடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் எடுத்துப் போவார்கள். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டும். பட்டி கனமாக இருந்தால் ஒட்டாது. ஆனால் 300 எஸ்.எல். காரின் கதவுகளும் பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம். அங்கே ஒட்டாததைப் பார்த்து, "ஏமாற்றுகிறாயா?" என்று சண்டைக்குப் போகக்கூடாது!

அதைவிட முக்கியம் நம்பர். சட்டத்திலும் இஞ்சினிலும் பொறித்த நம்பர்கள் கம்பெனியின் பழைய ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். இஞ்சின் மாறியிருந்தால் விலை விழுந்துவிடும். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஃபெல்பாக் என்ற ஊரில், பழைய கார்களைப் புதுப்பிக்கவே கம்பெனி 1993 முதல் ஒரு பட்டறை நடத்துகிறது.

மலைக்கு ஏற்றதா?

கட்டபெட்டு வளைவுகளில் இந்தக் கார் ஓடினால் எப்படி இருக்கும்? ஏறுவது சுலபம். இறங்குவதுதான் ஆபத்து. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஓயாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும். பின் ஆக்ஸில் அமைப்பு அப்படி. ஏறிய கியரிலேயே இறங்கும் மலை டிரைவரிடம் கொடுத்தால் ஒருவேளை தப்பலாம்.

நம் நாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விதிகள் வகுத்தது. 50 வயது தாண்டி, மூல உருவம் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பர் பலகை. புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். ஆனால் தினம் கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம்.

பழைய கார்களைப் பார்க்க ஆசைப்படும் குடும்பங்கள் ஜெர்மனிக்குப் போகவேண்டியதில்லை. விஞ்ஞானி ஜி.டி. நாயுடு பெயரை நினைவூட்டும் ஜீடி கார் மியூசியம் கோவையில் 2015ல் திறந்தது. கார் வம்சத்தின் பாட்டன் எனத் தக்க 1886ம் ஆண்டு மூன்று சக்கர பென்ஸ் வண்டியின் மாதிரி அங்கே இருக்கிறது. அதற்குக் கதவே கிடையாது!