ஆட்டிசம்: கண்டறிவது எப்படி, துணை நிற்பது யார்?

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையை நேரில் கவனித்தும், வளர்ப்பவர்களிடம் விவரமாகக் கேட்டும்தான் நிபுணர்கள் முடிவுக்கு வருகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, பொம்மை லாரியை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பது, மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வது போன்றவை இரண்டு வயதுக்குள்ளேயே தென்படலாம்.

சங்ககிரி வட்டாரத்தில் லாரித் தொழிலை நம்பிய குடும்பங்கள் அதிகம். வடக்கே லோடு ஏற்றிப் போன அப்பா திரும்பி வர வாரக்கணக்காகும். நிபுணரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் அம்மாவும் பாட்டியும்தான். "ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்" என்ற ஆறுதலில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதைவிடக் கொடுமை, பழி அம்மாவின் தலையில் விழுவது. தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்தை, ஆட்டிசமுள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே மறுத்தார். மரபணுக்களுக்கே இதில் பெரும்பங்கு என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின.

அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழு, சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு 2009-ல் வெளியான 'இசா' அளவுகோல் உண்டு. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால் லேசான ஆட்டிசம், 107 முதல் மிதமானது, 153-ஐத் தாண்டினால் தீவிரமானது.

ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதே குடும்பத்தின் பெரிய கேள்வி. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்த ஆய்வு இதற்கு நம்பிக்கையான பதில் தந்தது. முடிவுகள் 2016-ல் வெளியாயின. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர் இரு வாரங்களுக்கு ஒருமுறை பெற்றோரைச் சந்திப்பார். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பார். குழந்தை சக்கரத்தைச் சுற்றும்போது அதைப் பிடுங்காமல், "சக்கரம் சுத்துது" என்று அம்மாவும் சேர்ந்துகொண்ட நொடியைச் சுட்டிக்காட்டுவார். எட்டாவது மாதத்தில் அளந்தபோது, குழந்தைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்புகொள்வது கூடியிருந்தது. சிறப்பு மருத்துவமனை இல்லாத ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி அரிது.

பெரியவர்களின் நிலைதான் கவலைக்குரியது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டத்தில்தான் சேர்ந்தது. அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்கள் பலர் 'ஒரு மாதிரி' என்ற பட்டத்தோடு வாழ்கிறார்கள். இவர்களைக் கண்டறியச் சிறுவயது விவரங்கள் தேவை. அவற்றைச் சொல்லப் பெற்றோர் இல்லாவிட்டால் சிரமம். மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலர் தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். இவற்றுக்கெல்லாம் கையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். வயது கடந்துவிட்டதென்று வீட்டார் பரிசோதனையைத் தவிர்த்துவிடக் கூடாது.