நீரைப் பங்கிட்டு நெல்லைக் காக்கும் கிராமம்
பாலித்தீவின் ஜாத்திலுவியும் அதன் சுபாக் சங்கமும்

நெற்செய்கையிலே கமக்காரர் ஒருவர் தனியே தீர்மானிக்கத்தக்க கருமங்கள் சில உள. அயலவரோடு கூடியே தீர்மானிக்கவேண்டிய கருமங்களும் சில உள. வயலுக்கு எவ்வளவு பசளை இடுவது என்பது முன்னதைச் சேரும். வயலுக்கு எப்பொழுது நீர் பாய்ச்சுவது, எப்பொழுது அதனை வெறுமையாக விடுவது என்பன பின்னதைச் சேரும். இவ்வேற்றுமையை நன்குணர்ந்து, அதற்கேற்றதொரு சங்க அமைப்பைப் பல நூற்றாண்டுகளாகப் பேணி வருபவர்கள் இந்தோனேசியாவின் பாலித்தீவு மக்களாவர். அத்தீவிலுள்ள ஜாத்திலுவி என்னும் சிறு கிராமத்தையும் அதனைச் சூழ்ந்த பிரதேசத்தையும் பற்றி நம் கமக்காரர் அறிந்துகொள்வது பயனுடைத்து.

கிராமமும் சூழலும்

பாலி, யாவாத்தீவின் கிழக்கே அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 5,780 சதுரக் கிலோமீற்றர். அதாவது இலங்கையின் பத்திலொரு பங்கிலும் குறைவு. தீவின் நடுவே மேற்குக் கிழக்காக எரிமலைத் தொடரொன்று செல்கின்றது. மேகங்களைத் தடுத்து மழையைப் பெய்விப்பது இத்தொடரே. மலைகளின் உச்சிப் பள்ளங்களிலே ஏரிகள் உள்ளன. மலைச்சாரல்களிற் படிந்த எரிமலைச் சாம்பலினால் மண் மிக வளமுடையதாக விளங்குகின்றது.

இத்தொடரிலுள்ள பத்துக்காரு மலை 2,276 மீற்றர் உயரமுடையது. அதன் தென்சாரலிலே, தபானான் மாவட்டத்தின் பெனெபெல் பிரிவில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 700 மீற்றர் உயரத்தில் ஜாத்திலுவி அமைந்துள்ளது. தலைநகராகிய தென்பசாரிலிருந்து அங்கு செல்லும் தூரம் 40 கிலோமீற்றருக்குச் சற்று மேற்படும். 'ஜாத்தி' என்பது மெய் எனவும், 'லுவி' என்பது சிறப்பு எனவும் பொருள்படும். தபானான் மாவட்டத்தைப் பாலி மக்கள் தம் தீவின் நெற்களஞ்சியம் என்று போற்றுவர்.

கிராமத்தின் வயல்கள் மலைச்சரிவிலே படிப்படியாக வெட்டப்பட்டவை. சரிவின் வளைவுக்கேற்ப ஒவ்வொரு வரம்பும் வளைந்து செல்லும். ஏறத்தாழ 300 ஹெக்டயர், அதாவது 740 ஏக்கர் வரையிலான வயல்கள் ஒரே சங்கத்தின் கீழ் உள்ளன. வயல்களுக்கு மேலே மலைக்காடு உண்டு. வீட்டுத் தோட்டங்களிலே தென்னை, கோப்பி, கொக்கோ முதலியன வளர்கின்றன. அதே மாவட்டத்தில், பெராத்தான் ஏரியைச் சூழ்ந்த 1,200 மீற்றர் உயரமான குளிர்நிலத்திலே கோவா, கரட், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய மரக்கறிகள் செய்கைபண்ணப்பட்டுத் தென்பகுதிச் சந்தைகளுக்கு அனுப்பப்படுகின்றன.

நீர் வரும் வழி

பாலியின் ஆறுகள் எரிமலைப் பாறையை அறுத்து ஆழமான பள்ளங்களில் ஓடுவன. ஆற்றங்கரையில் உள்ள வயலுக்கு அதே இடத்தில் நீரை ஏற்றுதல் இயலாது. ஆதலால் பன்னெடுங் காலத்துக்கு முன்னரே அம்மக்கள் ஆற்றின் மேற்பாகத்தில் சிறு அணையொன்றைக் கட்டி, அங்கிருந்து மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, நீரைத் தாழ்ந்த வயல்களுக்குக் கொண்டுவந்தனர். 9ஆம் நூற்றாண்டுச் சாசனமொன்றிலே சுரங்கம் வெட்டும் தொழிலாளர் குறிப்பிடப்படுகின்றனர்.

நம் நாட்டுக் குளங்களைப் போன்று நீரைத் தேக்கி வைத்து, வேண்டும்போது துருசைத் திறந்துவிடும் வசதி இம்மலைச்சாரல் வயல்களுக்கு இல்லை. இரவும் பகலும் ஓடிவரும் நீரை ஓடும்போதே பங்கிடவேண்டும். இதற்கென அவர்கள் கண்ட கருவி மிக எளியது. 'தெம்புக்கு' எனப்படும் அது, வாய்க்காலின் குறுக்கே கிடத்தப்பட்ட ஒரு மரக்குற்றியாகும். குற்றியின் மேற்புறத்தில் வெவ்வேறு அகலமுடைய வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் உரிய பங்குக்கேற்ப வெட்டின் அகலம் அமையும். நீர் பெருகினாற் பங்குகள் யாவும் பெருகும். குறைந்தால் யாவும் ஒரே வீதத்திற் குறையும். எவரேனும் ஒரு வெட்டை இலைகுழையால் அடைத்தால், அவ்வழியே செல்வோர் யாவரும் அதனைக் காண்பர். இக்காலத்திற் பல இடங்களிலே மரத்துக்குப் பதிலாகச் சீமெந்து பயன்படுகின்றது, முறை மாறவில்லை.

சுபாக் சங்கம்

ஒரே நீர்மூலத்திலிருந்து பாசனம் பெறுகின்ற கமக்காரர் யாவரும் சேர்ந்த சங்கமே சுபாக் எனப்படும். 11ஆம் நூற்றாண்டுச் சாசனத்திலேயே இப்பெயரின் பழைய வடிவம் காணப்படுகின்றது. பாலியில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 வரையான கமக்காரர் உள்ளனர் என்றும் யுனெஸ்கோ நிறுவனம் கூறுகின்றது.

இச்சங்கத்தின் எல்லை கிராமத்தின் எல்லையன்று. நீரின் எல்லையே அதன் எல்லை. இரண்டு வாய்க்கால்களின் கீழ் வயல் வைத்திருப்பவர் இரண்டு சுபாக்குகளில் அங்கத்தவராவர். அங்கத்தவரே தம் தலைவரைத் தெரிவுசெய்வர். அவருக்குப் 'பெக்காசே' என்பது பெயர். சங்கத்தின் விதிகள் முற்காலத்தில் ஏட்டில் எழுதி வைக்கப்பட்டன. வாய்க்கால் துப்புரவு செய்யும் நாளில் வேலைக்கு வராதவர் அதற்கு ஈடு செலுத்தவேண்டும். முறைதவறி நீர் எடுத்தவர் குற்றப்பணம் கட்டவேண்டும்.

ஒவ்வொரு சுபாக்குக்கும் கோயில் உண்டு. நெல்லின் தெய்வமாக அவர்கள் வழிபடுவது தேவி ஸ்ரீ. திருமகளுக்கு நாம் வழங்கும் திருநாமமே கடல்கடந்து அங்கும் வழங்குகின்றது. நீர் திறத்தல், நடுகை, கதிர் வருதல், அறுவடை என்னும் ஒவ்வொரு நிலைக்கும் வழிபாடு உண்டு. வழிபாட்டு நாளை நிச்சயிக்கும்போதே பயிர்ச்செய்கை நாளும் நிச்சயமாகிவிடுகின்றது. தெய்வத்தோடும், பிற மனிதரோடும், நிலத்தோடும் இணங்கி வாழ்தலே நல்வாழ்வின் மூன்று காரணங்கள் என்பது அவர்தம் கொள்கை. அதனைத் திரி ஹித காரணம் என்பர்.

ஒருங்கே செய்கைபண்ணுவதன் நுட்பம்

ஓர் ஆற்றின் கீழ் மேல்வயற் சங்கமும் கீழ்வயற் சங்கமும் உள்ளன எனக் கொள்வோம். இரண்டும் ஒரே வாரத்தில் நிலத்தைப் பண்படுத்த முற்பட்டால் நீர் போதாது. நெற்செய்கையிலே நீர் மிகுதியாக வேண்டப்படும் காலம் அதுவேயாகும். அவ்வாறன்றி, ஒவ்வொருவரும் தாம் விரும்பிய வாரத்தில் விதைத்தால், அப்பிரதேசத்தில் எந்நாளும் எங்காவது இளம்பயிர் நிற்கும். எலியும் தத்தியும் தண்டுதுளைப்பானும் ஒரு வயலில் உணவு முடிந்ததும் அடுத்த வயலுக்குச் செல்லும். அவற்றுக்குப் பஞ்சமே உண்டாகாது.

பரந்ததொரு பிரதேசம் முழுவதும் ஒரே காலத்தில் அறுவடையாகி, வயல்கள் ஒருங்கே வெறுமையாகக் கிடந்தால், பீடைகள் உணவின்றி அழியும். அப்பிரதேசம் மிகச் சிறிதாயின் பீடைகள் பறந்து தப்பும். மிகப் பெரிதாயின் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நீர் தேவைப்பட்டுத் தட்டுப்பாடு உண்டாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிதலே சுபாக்குகளின் கூட்டங்களில் நடைபெறும் கருமமாகும்.

மேல்வயற் கமக்காரருக்கு நீர்ப் பஞ்சம் இல்லை. அவர் ஏன் கீழ்வயற்காரருக்கு நீரை விட்டுக்கொடுக்கவேண்டும்? கீழ்வயற்காரர் நீரின்றிப் பிந்தி விதைத்தால், அங்கே பெருகும் பீடை மேல்வயலுக்கே வந்துசேரும். மேலுள்ளவர் பீடைக்கு அஞ்சுகின்றார். கீழுள்ளவர் நீர்ப்பஞ்சத்துக்கு அஞ்சுகின்றார். இவ்விரு அச்சங்களும் சேர்ந்தே ஒற்றுமையை நிலைநிறுத்துகின்றன.

அமெரிக்க மானிடவியலறிஞர் ஸ்டீவன் லான்சிங்கும் சூழலியலறிஞர் ஜேம்ஸ் கிறெமரும் இரண்டு ஆறுகளின் கீழுள்ள 172 சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்து ஆராய்ந்து, 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒவ்வொரு சுபாக்கும் தனித்தனியே விதைப்பதிலும், யாவும் ஒரே நாளில் விதைப்பதிலும் பார்க்க, நீர்க்கோயில்களின் ஒழுங்கை ஒத்த ஏற்பாட்டிலேயே விளைவு மிகுந்திருந்தது.

1970களில் நேர்ந்தது

இம்முறையின் அருமை அது கைவிடப்பட்ட காலத்திலேதான் வெளிப்பட்டது. 1966இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லினம் வெளியிடப்பட்டது. விளைவைப் பெருக்க விரும்பிய இந்தோனேசிய அரசாங்கம் புதிய இனங்களையும் இரசாயனப் பசளைகளையும் கிருமிநாசினிகளையும் கடனுதவியோடு பரப்பியது. ஆண்டு முழுவதும் இயன்றபோதெல்லாம் நெல் விதைக்குமாறு பாலிக் கமக்காரரும் ஊக்குவிக்கப்பட்டனர். கோயில்களின் நீர்முறை ஒதுக்கப்பட்டது.

முதலில் விளைவு பெருகியது உண்மையே. பின்னர் நீர் முறைகள் குழம்பின. கபிலத் தத்தி பெருகிப் பயிரை அழித்தது. அதனை எதிர்க்கும் ஐ.ஆர். 36 கொண்டுவரப்பட்டது. அதனைத் துங்ரோ வைரசு நோய் தாக்கியது. துங்ரோவை எதிர்க்கும் மற்றோரினம் வந்தது. அது கபிலப்புள்ளி நோய்க்கு இலக்காயிற்று. கிருமிநாசினி தெளிக்கத் தெளிக்க, தத்தியை உண்ணும் சிலந்தி முதலிய நன்மைசெய் உயிர்களும் மடிந்தன. இந்தோனேசியாவின் பிற பகுதிகளிலும் இதே நிலை தோன்றியமையால், 1986இல் சனாதிபதியின் கட்டளையொன்று 57 வகைக் கிருமிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. பாலியிலே கமக்காரர் மீண்டும் தம் கோயில்களின் ஒழுங்குக்குத் திரும்பினர். இன்றும் அவர்களிற் பலர் புதிய நெல்லினங்களைச் செய்கைபண்ணுகின்றனர். எனவே பிழை புதிய இனத்தில் இருந்தது எனல் பொருந்தாது. கூட்டு ஒழுங்கைக் கைவிட்டதிலேயே அது இருந்தது.

மற்றொரு கருமமும் கவனிக்கத்தக்கது. எரிமலைப் பாறையூடாக வரும் பாசன நீரிலே பொசுபரசும் பொற்றாசியமும் இயல்பாகவே கலந்துள்ளன. இதனை ஆராயாமல் ஒரே அளவான பசளைப் பொதி எங்கும் சிபாரிசு செய்யப்பட்டமையால், பயிருக்கு வேண்டாத பசளை நீரோடு கடலைச் சேர்ந்தது. கமக்காரரின் பணமும் வீணாயிற்று.

ஜாத்திலுவியின் செந்நெல்

ஜாத்திலுவி மக்கள் பழைய உள்ளூர்ச் செந்நெல்லை இன்றும் கைவிடவில்லை. உயர்ந்து வளரும் இந்நெல் முற்றுவதற்கு ஐந்து மாதத்துக்கு மேற்செல்லும். ஆண்டில் ஒரு போகத்தில் இதனையும், மறு போகத்திற் குறுகிய கால இனத்தையும் செய்கைபண்ணுவது வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் 'அனி-அனி' என்னும் சிறு கத்தியாற் கதிர்களைக் கொய்து, பிடிபிடியாகக் கட்டி, கால்களின்மேல் உயர்த்திய களஞ்சியங்களில் வைப்பது பண்டைய முறை. செந்நெல் அரிசியும், அதனை வறுத்துச் செய்யும் பானமும் நல்ல விலைக்கு விற்பனையாகின்றன.

அறுவடை முடிந்ததும் பாலிக் கமக்காரர் வயல்களிலே தாராக்களை விடுவர். கொடியொன்று கட்டிய கோலை நாட்டினால் தாராக் கூட்டம் அதனைச் சுற்றியே மேயும். சிந்திய மணியையும் புழுபூச்சிகளையும் தின்று எருவையும் இட்டுச் செல்லும். நீர் குறைவான காலத்திற் பல சுபாக்குகள் நெல்லை விடுத்துச் சோளம், சோயா அவரை, நிலக்கடலை, வற்றாளை, மிளகாய் முதலியவற்றைப் பயிரிடுகின்றன.

இன்றைய இடர்

பத்துக்காரு மலைச்சாரல் வயல்கள் உட்பட ஏறத்தாழ 19,500 ஹெக்டயர் நிலத்தை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. 2024இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு ஜாத்திலுவியைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தெரிந்தது. இப்புகழினால் உல்லாசப் பயணிகள் பெருந்தொகையாக வருகின்றனர். ஆனால், பாலியின் தென்பகுதியிலே வயல்கள் விடுதிகளாகவும் வீடுகளாகவும் மாறுகின்றன. நீர் உல்லாச விடுதிகளுக்குச் செல்கின்றது. நிலத்தின் விலையோடு வரியும் உயர்கின்றது. இளைஞர் வேறு தொழிலை நாடுகின்றனர். வாய்க்காலின் நடுவிலுள்ள ஒரு வயல் கட்டடமானால், அதன் கீழுள்ள வயல்கள் யாவும் இடருறும். மக்கள் காண வரும் அழகை உண்டாக்குபவர் கமக்காரரே. அவர் வயலை விட்டு நீங்கினால் அவ்வழகும் நீங்கிவிடும்.

நாம் கவனிக்கத்தக்கவை

நம் நீர்ப்பாசனத் திட்டங்களிலும் போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடியும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. அக்கூட்டத்துக்குச் செல்லாதிருப்பதும், தீர்மானத்தை மீறிப் பிந்தி விதைப்பதும் சிறு தவறுகளாகத் தோன்றலாம். பாலியில் நேர்ந்ததை அறிந்தோர் அவ்வாறு எண்ணார். ஆகவே,

1. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தவறாது செல்க. தலைப்பு வயற்காரரும் கடைமடைக்காரரும் ஒருங்கிருந்து நாளைத் தீர்மானித்தல் நன்று.

2. ஒரே வாய்க்காலின் கீழுள்ளோர் ஒத்த வயதுடைய இனங்களைத் தெரிந்து, ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் அறுவடை செய்க.

3. இரு போகங்களுக்கிடையில் வயல்வெளி முழுவதும் சில வாரமாவது பயிரின்றிக் கிடக்கட்டும்.

4. பீடையைக் கண்டவுடன் கிருமிநாசினியை நாடவேண்டாம். வயலில் இறங்கி, தத்தியோடு சிலந்திகளும் உள்ளனவா என நோக்கி, போதனாசிரியரிடம் ஆலோசனை பெறுக.

5. மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளையின் அளவைத் தீர்மானிக்க.

6. மரக்கறிச் செய்கையாளருக்கும் இது பொருந்தும். கோவா, மிளகாய் முதலியவற்றின் பழைய பயிரை அழியாது விட்டால், அடுத்த தோட்டத்து இளம்பயிருக்குப் பீடை அங்கிருந்தே செல்லும். அறுவடை முடிந்த பாத்திகளை உடனே துப்புரவு செய்து, அயலவரோடு கூடிப் பயிரை மாற்றி நடுக.

தன் வயலை மாத்திரம் காக்க நினைப்பவர் அதனையும் காத்தல் அரிது. அயல்வயலையும் தன் வயலென எண்ணிக் கருமமாற்றுவோர் இரண்டையும் காப்பர்.